டர்பன் வீட்டு நாய்க்கு என்ன கொடுப்பது, எதைப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றி, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று நம் ஆட்கள் வாழும் எந்தத் தெருவில் நடந்தாலும் கேட்டுக்குக் கேட் ஒரு நாய் குரைக்கும். திருட்டு பயத்துக்காக வளர்ப்பவர்கள் உண்டு, பிள்ளைகள் அடம் பிடித்ததால் வாங்கியவர்கள் உண்டு. எப்படி வந்ததோ, வந்த நாயிடம் பாசம் காட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை. ஆனால் அந்தப் பாசம் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுவிடுகிறது. தட்டில் வேண்டாததை எல்லாம் போடுகிறோம். புல்லில் இருந்து ஏறும் உண்ணியையோ, வெளுத்துப்போன ஈறையோ யாரும் பார்ப்பதில்லை. நம் மாகாணமான குவாசூலு-நட்டாலில் நாய்கள் வீணாகச் சாவதற்குத் தட்டில் விழுவதும் உண்ணியும் பெரிய காரணங்கள். இரண்டையும் வீட்டிலேயே தடுக்கலாம். நாயை வைத்துத்தான் எழுதுகிறேன், பூனைக்கு வேறுபடும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: அன்றாடத் தீனியை முடிவு செய்யுங்கள்

வீட்டுச் சாப்பாடுதான் நல்லது, மூட்டையில் வருவது சத்தில்லாதது என்று பல பெரியவர்கள் நினைக்கிறார்கள். உண்மை வேறு. சோறும் கோழியும் மட்டுமே தின்னும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. வளரும் குட்டியாக இருந்தால் கால் எலும்பு வளைந்துகூடப் போகலாம். வெறும் மீலி-மீல் என்ற மக்காச்சோள மாவில் கிளறிய புத்துக் களியைத் தின்றே வளரும் நாய்களின் நிலை இன்னும் மோசம். வயிறு நிறையும், புரதம் இருக்காது, முடி கொட்டும்.

அதனால் அடித்தளமாக உலர் தீனியை, நம் பேச்சில் பெல்லட்ஸை, வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது மூட்டையின் பின்பக்கம் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் விற்கும் நாய்த் தீனி 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்படி பதிவாகியிருக்க வேண்டும். 'வி' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அச்சாகியிருக்கும். சந்தையில் திறந்த சாக்கிலிருந்து அள்ளி, பேர் இல்லாத பையில் கட்டிக் கொடுப்பதை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் பழையது என்று யாருக்கும் தெரியாது. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த தீனி சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த தீனி நாயின் ஈரலைக் கெடுக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், மூட்டையையும் அப்படியே டப்பாவுக்குள் இறக்கிவிட்டால் பதிவு எண்ணும் தேதியும் கையில் இருக்கும்.

எவ்வளவு கொடுப்பது? கருத்தடை செய்த, 10 கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். பெரும்பாலான பெல்லட்ஸில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருக்கும். ஆக, நாள் முழுவதற்கும் 150 முதல் 180 கிராம். முதல் வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், அப்புறம் அதே அளவுக்கு ஒரு கப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கண் அளவில் போடுகிறவர்கள் எல்லோரும் கூடுதலாகத்தான் போடுகிறார்கள்.

வளர்ந்த நாய்க்குக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. இரண்டு மாதக் குட்டிக்கு நாலு வேளை, நாலு மாதத்துக்கு மேல் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. தீனியின் வகையை மாற்றினால் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழுக்க மாற்றுங்கள்.

அளவு சரியா என்று நாயின் உடம்பே சொல்லும். விலாவில் கையை வைத்து லேசாகத் தடவுங்கள். எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அமுக்கித் தேடினால்தான் விலா அகப்படுகிறது என்றால் தீனியைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள்.

படி 2: நம் சமையலிலிருந்து எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "கொஞ்சூண்டு கறிக் குழம்பு ஊத்தினா என்னப்பா ஆயிடப் போகுது? எங்க தாத்தா காலத்துல கரும்புத் தோட்டத்து பாரக்கில எல்லா நாயும் அதைத் தின்னுதானே வளர்ந்துச்சு?" நியாயமான கேள்விதான், பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழம்பில் சிக்கல் மிளகாயோடு முடிவதில்லை. வெங்காயமும் பூண்டும்தான் பெரிய ஆபத்து. இவற்றில் உள்ள கந்தகப் பொருட்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. நாயின் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 15 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் பாதிப்பு தெரியத் தொடங்கும், பூனைக்கு 5 கிராமே போதும். தினமும் கொஞ்சமாகக் கொடுத்தாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். அறிகுறி அன்றைக்கே வராது. நாலைந்து நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும்போது யாருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு நினைவுக்கு வராது. தாத்தா காலத்திலும் நாய்கள் செத்தன, காரணம்தான் தெரியவில்லை.

சரி, வீட்டுச் சாப்பாடே கூடாதா? கூடும். ஒரே விதி: தாளிக்கும் முன்னே எடுத்து வையுங்கள். பருப்பு வெந்து மசிந்ததும், உப்பும் வெங்காயமும் சேர்வதற்கு முன்னால், இரண்டு கரண்டி தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். பூசணி, கேரட், பீன்ஸ் வேகும்போதும் அப்படியே. அவித்த முட்டை, புளிக்காத வெறும் தயிர், தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழி எல்லாம் நல்லவை. டின்னில் வரும் பில்சர்ட்ஸ் மீன் நம் வீடுகளில் எப்போதும் இருக்கும். தக்காளிச் சாற்றை நன்றாக அலசிவிட்டு ஒரு மீனை உதிர்த்துப் பெல்லட்ஸ் மேல் போட்டால், சாப்பிட அடம் பிடிக்கும் கிழ நாய்கூட எழுந்து வரும். மிளகாய்ச் சாறு போட்ட டின் மட்டும் வேண்டாம். இந்த மேல்சேர்க்கை எல்லாம் நாளின் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, சேர்க்கிற நாளில் பெல்லட்ஸை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

கொடுக்கவே கூடாதவை:

வெந்த எலும்பு எதுவும் கூடாது. பிரியாணிக் கோழி, பிராய் என்று நெருப்பில் வாட்டும் சாப் துண்டு, பூசையில் சமைத்த சேவல், எதுவானாலும் சரி. வெந்த எலும்பு ஊசி போலச் சிதறிக் குடலைக் குத்தும். பிராய் நாளில் வெட்டி ஒதுக்கும் கொழுப்பும் ஆபத்துதான். கணையம் வீங்கி, முதுகை வளைத்துக்கொண்டு வாந்தி எடுக்கும் நாய்கள் திங்கட்கிழமை காலையில் மருத்துவரிடம் வருவது வழக்கமான காட்சி.

மீலிக் கதிர் தின்ற பிறகு மிஞ்சும் கட்டையை நாயிடம் எறிவது நம் ஊரில் சகஜம். அது குடலில் செரிக்காது, அப்படியே அடைத்துக்கொள்ளும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மாங்கொட்டையும் அவகாடோ கொட்டையும் இதே வகை. டிசம்பரில் மாமரம் உள்ள முற்றத்தில் விழுந்த பழங்களைக் காலையிலேயே பொறுக்கிவிடுங்கள்.

உலர் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், எந்த நாயை எவ்வளவு தாக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாயசம், கேசரி செய்யும் நாளில் கீழே சிந்துவதைக் கவனியுங்கள். சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த சூயிங்கம், நம் மாகாணத்தில் விளையும் மக்கடேமியா கொட்டை ஆகியவையும் விலக்கு. மக்கடேமியா தின்ற நாய் பின்னங்கால் துவண்டு நடுங்கும். பெரும்பாலும் இரண்டு நாளில் தேறிவிடும், ஆனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

படி 3: புரட்டாசி மாதத்தில்

விரத மாதத்தில் வீட்டுப் பாத்திரத்தில் இறைச்சி ஏறாது. நாயும் நம்மோடு விரதம் இருக்கட்டும் என்று சோறும் பருப்பும் மட்டும் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். ஒரு மாதம் முழுக்க அப்படிக் கொடுப்பது சரியல்ல. வருடம் முழுவதும் பெல்லட்ஸே அடித்தளமாக இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. நாயின் கிண்ணத்தையும் கரண்டியையும் தனியாகப் பின்பக்கம் வைத்துக்கொண்டால் பூசை வீட்டின் சுத்தமும் கெடாது. நாய் ஓரளவு தானியமும் காய்கறியும் செரிக்கும் பிராணி, ஒரு வாரம் பருப்பும் தயிரும் கூடினால் தாங்கும்.

பூனை அப்படித் தாங்காது. அதற்கு இறைச்சியில் மட்டுமே இருக்கும் டாரின் என்ற சத்து தேவை. அது இல்லாவிட்டால் மாதங்கள் போகப்போகக் கண் பார்வையும் இதயமும் கெடும். நாய்க்கான பெல்லட்ஸும் பூனைக்குப் போதாது. பூனைத் தீனிதான் வாங்க வேண்டும், புரட்டாசியிலும்.

படி 4: தண்ணீரும் வெயிலும்

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் சாதாரணம். டர்பன் கோடையில் அதைவிடக் கூடும். இரண்டு இடத்தில் நிழலில் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். நடைக்குக் கூட்டிப் போவது காலை ஏழு மணிக்கு முன்னால் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

படி 5: தினமும் மாலை, ஐந்து நிமிடம், இரண்டு கை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிலியரி என்று நாம் சொல்வது உண்ணியால் வரும் ரத்த நோய். உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு நுண்ணுயிர் ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். தென்னாப்பிரிக்காவில் பரவும் வகை உலகத்தில் உள்ளவற்றிலேயே கடுமையானது. நேற்றுவரை ஓடி விளையாடிய நாய் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். கோடை மழைக்குப் பின் புல் வளரும் மாதங்களில் அதிகம், ஆனால் நம் கடலோரத்தில் குளிர்காலத்திலும் உண்ணி ஓய்வதில்லை.

நல்ல செய்தி, உண்ணி ஒட்டிய உடனே நோய் ஏறிவிடாது. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ரத்தம் குடித்த பிறகுதான் கிருமி இறங்கும். அதனால்தான் தினமும் பார்க்கச் சொல்கிறேன்.

நாயை வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். காதிலிருந்து தொடங்குங்கள். காது மடலின் உள்பக்கம், அடியில் மடிந்திருக்கும் சின்னப் பைபோன்ற இடம், இரண்டையும் விரலால் விரித்துப் பாருங்கள். அப்புறம் கழுத்துப் பட்டையைக் கழற்றி அதன் கீழே. முன்னங்கால் அக்குள். ஒவ்வொரு கால் விரலுக்கும் நடுவே. தொடை இடுக்கு. கடைசியில் வாலைத் தூக்கி அடிப்பக்கம். முடியின் எதிர்த்திசையில் கையை ஓட்டினால் உண்ணி ஒரு சின்ன மிளகு மாதிரி விரல் நுனியில் நெருடும்.

அகப்பட்டால் நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மெதுவாக இழுங்கள். தீக்குச்சி, மண்ணெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டுவிடுங்கள். தரை கழுவும் ஜெயிஸ் ஃப்ளூயிடைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதும், சொறிக்குப் பழைய எஞ்சின் ஆயில் தடவுவதும் இன்னும் நம் தெருக்களில் நடக்கிறது. இரண்டும் தோலைச் சுடும், நக்கும்போது உள்ளே போய் நஞ்சாகும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கடைசி அரை நிமிடம் ஈறுக்கு. மேல் உதட்டைத் தூக்குங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். நாய் நன்றாக இருக்கும் நாட்களிலேயே இதைப் பார்த்துப் பழகினால்தான் மாற்றம் கண்ணில் படும். ஈறு வெளுத்திருந்தாலோ மஞ்சளாக இருந்தாலோ, மூத்திரம் ரூயிபோஸ் தேநீர் மாதிரி செம்பழுப்பு நிறத்தில் போனாலோ, தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்திருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி. 39.5ஐத் தாண்டினால் காய்ச்சல். "காலையில் பார்த்துக்கலாம்" என்று விட்ட இரவில்தான் பல நாய்கள் போகின்றன.

உண்ணித் தடுப்பு மருந்தும் கட்டாயம். மாதம் ஒரு முறை அல்லது 12 வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வந்த நாயாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். விலை அதிகம் என்று தோன்றும். பிலியரிக்கு ரத்தம் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். ஒரு எச்சரிக்கை: பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனைமேல் ஒரு சொட்டும் விடாதீர்கள். பூனை வலிப்பு வந்து சாகும்.

படி 6: தடுப்பூசியும் குடற்புழுவும்

வெறிநோய் நம் மாகாணத்தில் இன்னும் இருக்கிறது, மனிதர்களையும் கொல்கிறது. நாய்க்கும் பூனைக்கும் இதற்கான தடுப்பூசி போடுவது 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது. அதற்கு மேல் குவாசூலு-நட்டாலில் வருடா வருடம் போடுவதுதான் பாதுகாப்பு. அரசுக் கால்நடைத் துறை நடத்தும் முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். வேறு நாய் உங்களைக் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போங்கள். காயம் சின்னது என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி வந்த பிறகு இந்த நோய்க்கு மருந்தில்லை.

பார்வோ என்ற வைரஸ் நோய், இங்கே பலரும் கேட் ஃப்ளூ (பூனைக் காய்ச்சல்) என்று சொல்வது, குட்டிகளைக் கொத்தாக வாரிக்கொண்டு போகும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம்வரை ஊசி போட வேண்டும். அந்த வரிசை முடியும்வரை குட்டியைத் தெருவிலும் பூங்காவிலும் இறக்காதீர்கள்.

குடற்புழு மருந்து குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மாத வயதுவரை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒன்று, அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒன்று. நம் மணல் தரையில் கொக்கிப்புழு நன்றாகப் பிழைக்கும், வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் ஊர்ந்து அரிக்கும். முற்றத்து நாய்ச் சாணத்தைத் தினமும் அள்ளுங்கள். அள்ளுவதில் இன்னொரு நன்மை: சாண வண்டைத் தின்னும் நாய்க்கு உணவுக்குழாயில் கட்டி உண்டாக்கும் ஒரு புழு வரும், நாள்பட அது புற்றுநோயாகவும் மாறும். சாணம் இல்லாத இடத்துக்கு வண்டு வராது.

படி 7: குளியலும் காதும்

மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை நாய் ஷாம்பூவில் குளித்தால் போதும். தொங்கு காது நாய்களுக்கு இங்கத்திய ஈரத்தில் காதில் பூஞ்சை வரும், குளித்ததும் துடைத்து உலர்த்துங்கள். புளித்த வாடை வந்தால் மருத்துவர் பார்க்கட்டும்.

படி 8: முற்றத்தைச் சுற்றிப் பாருங்கள்

இரவில் நாய்த் தீனியை வெளியே விட்டால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பகலில் விட்டால் குரங்கு வரும். குரங்குக் கூட்டத்தோடு மோதிய நாய்க்கு வெளியே சின்ன ஓட்டையாகத் தெரியும் கடி உள்ளே ஆழமாகக் கிழித்திருக்கும். இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட்டால் இந்த மூன்று தொல்லையும் குறையும்.

துப்பும் நாகம் கண்ணில் நஞ்சு பீய்ச்சினால் சுத்தமான தண்ணீரைப் பதினைந்து நிமிடமாவது ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவருக்கு ஃபோன் செய்யுங்கள். மழை இரவில் தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளும். முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துத் துடைத்து எடுங்கள். தொண்டைக்குள் தண்ணீர் பாய்ச்சக் கூடாது.

நத்தைக்குப் போடும் நீல, பச்சை உருண்டைகளை நாய் தீனி என்றே நினைத்துத் தின்னும், நடுக்கமும் வலிப்பும் வரும். பூசைக்கு வைத்திருக்கும் அரளி, சைக்கட் செடியின் விதை, 'யெஸ்டர்டே டுடே டுமாரோ' என்ற ஊதாப் பூச்செடி எல்லாம் நஞ்சு. குட்டி இருக்கும் வீட்டில் வேலி போட்டு மறையுங்கள்.

படி 9: தீபாவளி வாரம்

நமக்குத் தீபாவளி, அதையொட்டி நவம்பர் 5 'கை ஃபாக்ஸ்' என்ற வாணவேடிக்கை நாள், பிறகு வருடப் பிறப்பு. மூன்றிலும் பட்டாசு. பயந்த நாய் சுவரைத் தாண்டும், கண்ணாடியை உடைக்கும், மோட்டார்வேயில் ஓடும். பண்டிகையும் நம்முடையது, நாயும் நம்முடையது, ஆகவே முன்னேற்பாடும் நாம்தான் செய்ய வேண்டும்.

இரண்டு வாரம் முன்பே நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பில் உங்கள் இப்போதைய எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், கழுத்துப் பட்டையிலும் எண்ணை எழுதுங்கள். ரொம்பப் பயப்படும் நாய் என்றால் மருத்துவரிடம் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து கேளுங்கள், பட்டாசு இல்லாத ஒரு நாளில் கொடுத்துப் பாருங்கள். உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்யும் பழைய மயக்க மாத்திரையைத் தனியாகக் கொடுக்காதீர்கள். அசைய முடியாத நாய் உள்ளே அதே பயத்தில் இருக்கும்.

அன்று மாலை இருட்டும் முன்பே நடை, தீனி, மூத்திரம் எல்லாம் முடியட்டும். ஜன்னல் குறைந்த ஓர் அறையில் திரையை இழுத்து, பழைய போர்வை போட்டு, தொலைக்காட்சியையோ நாதஸ்வரத்தையோ மிதமாக ஓட விடுங்கள். வீட்டில் ஒருவர் கூட இருந்தால் அதைவிட நல்ல மருந்தில்லை. பயத்தில் ஒட்டி வரும் நாயைத் தட்டிக் கொடுப்பதால் பயம் கூடாது, தாராளமாகத் தட்டிக் கொடுங்கள். சங்கிலியில் மட்டும் கட்டாதீர்கள், தாண்டும்போது கழுத்து இறுகிவிடும். மறுநாள் காலையில் முற்றத்தில் கிடக்கும் பட்டாசுக் குப்பையைப் பெருக்கிய பிறகே நாயை வெளியே விடுங்கள், கரியிலும் நஞ்சுண்டு.

படி 10: அவசரம் வந்தால்

திருடர்கள் இறைச்சியில் பூச்சிக்கொல்லியைக் கலந்து சுவருக்கு மேலே எறிவது இங்கே பழைய கொடுமை. நாய் திடீரென்று எச்சில் வடித்து, நடுங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் நிமிடங்களில் மருத்துவர் ஊசி போட வேண்டும். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவே கொல்லும். பாலும் வேண்டாம். மிச்ச இறைச்சியைக் கையுறை போட்டுப் பையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் ஃபோன் செய்யட்டும். வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரையும் தராதீர்கள். ஐபுபுரூஃபன் நாயையும், பாராசிட்டமால் பூனையையும் கொல்லும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். வழக்கமான மருத்துவரின் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண், பக்கத்து எஸ்பிசிஏ (விலங்குப் பாதுகாப்புச் சங்கம்) எண். தடுப்பூசி அட்டை இருக்கும் இடத்தையும் அதிலே குறியுங்கள். நாயின் எடையை மாதம் ஒரு முறை பார்த்து எழுதுங்கள். முதலில் நீங்கள் மட்டும் தராசில் ஏறி, பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்தால் போதும். நடு இரவில் ஃபோனை எடுக்கும் மருத்துவர் முதலில் கேட்பது அந்த எடையைத்தான்.